கடிகாரம் ஓடாத ரயில் நிலையம்

ரயில் நிலையத்தில் கடிகாரம் எதற்கு மாட்டியிருக்கிறார்கள்? வண்டி எப்போது வரும், எப்போது போகும் என்று பார்ப்பதற்கு.

ஆனால் ரஷ்யாவில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதன் கட்டிடத்தில் உள்ள கடிகாரத்தை நம்பி யாரும் வண்டி ஏற முடியாது. காலையில் போய்ப் பார்த்தாலும் அது 6 மணி 5 நிமிடம் காட்டும். உச்சி வேளையில் பார்த்தாலும் 6 மணி 5 நிமிடம். நடுநிசியிலும் அதேதான்.

கடிகாரம் பழுதாகிவிட்டதா? இல்லை. அந்த நேரத்திலேயே நிற்கட்டும் என்று வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அந்த நிலையத்தின் பெயர் "லெவ் டால்ஸ்டாய்". ஊருக்கும் அதே பெயர்தான். நாம் லியோ டால்ஸ்டாய் என்று சொல்கிறோமே, அந்தப் பேரறிஞரை ரஷ்யர்கள் லெவ் என்றுதான் அழைப்பார்கள். "போரும் அமைதியும்", "அன்னா கரீனினா" என்ற பெரிய நாவல்களை எழுதியவர்.

அப்படியானால் அது அவர் பிறந்த ஊரா? இல்லை. வளர்ந்த ஊரா? அதுவும் இல்லை. அவர் அங்கே இருந்தது ஏழு நாள்கூட நிறையவில்லை. அந்த நாட்களையும் படுத்த படுக்கையாகக் கழித்தார். அங்கே இறங்க வேண்டும் என்று நினைத்துக்கூட அவர் வண்டி ஏறவில்லை. ஆனாலும் ஊரின் பெயரே மாறிவிட்டது!

அந்த ஊரின் பழைய பெயர் அஸ்தபோவோ.

கருமண் சீமை

மாஸ்கோ நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்த ஊர். மலை கிடையாது. கடல் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சமவெளி. வானமும் வயலும் தொட்டுக்கொண்டிருக்கும். நடுநடுவே ஓடைகள் அறுத்த பள்ளங்கள். பள்ளத்து ஓரத்தில் ஒரு கிராமம்.

மண் கறுப்பு. வெறும் கறுப்பு அல்ல, மை போன்ற கறுப்பு. உலகத்திலேயே செழிப்பான மண் வகைகளில் இது ஒன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல் முளைத்து, மடிந்து, மட்கிச் சேர்ந்த மண். கோதுமையும் கம்புக் கோதுமையும் உருளைக்கிழங்கும் அமோகமாக விளையும். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் இந்தக் கருமண் சீமையின் விளைச்சல்தான்.

மண் நல்ல மண்தான். ஆனால் மழை பெய்துவிட்டால் அதே மண் எதிரியாகிவிடும். இலையுதிர் காலத்து மழையிலும், பனி உருகும் வசந்த காலத்திலும் பாதை எல்லாம் சேறு. வண்டிச் சக்கரம் பாதி புதைந்துவிடும். "பாதை கெட்டுப்போகும் பருவம்" என்று அதற்கு ரஷ்ய மொழியில் தனி வார்த்தையே உண்டு. பிறகு பனிக்காலம். எல்லாம் உறைந்து கல்லாகிவிடும். அப்போதுதான் சறுக்கு வண்டிகள் ஓடும்.

கொஞ்ச தூரத்தில் டான் நதி ஓடுகிறது. பெரிய நதி என்று பெயர் பெற்ற அந்த டான், இந்தப் பக்கத்தில் இன்னும் குழந்தைதான். பிறப்பிடத்தை விட்டு வந்து அதிக தூரம் ஆகவில்லை. தான்கோவ், லெபெத்யான் என்ற பழைய பட்டணங்கள் அதன் கரையில் இருக்கின்றன. தான்கோவுக்கும் மேலே, அதே நதியோரத்தில் குலிகோவோ என்ற போர்க்களம். 1380-ம் ஆண்டில் ரஷ்யர்கள் தாத்தாரியப் படையை எதிர்த்து வென்ற இடம் அது.

அந்தப் பட்டணங்களுக்கெல்லாம் பழம் பெருமை உண்டு. அஸ்தபோவோவுக்கு என்ன இருந்தது? சரித்திரத்தில் ஒரு வரிகூட இல்லை.

தண்டவாளம் வந்தது

1890-ம் ஆண்டு வாக்கில் ரயில் பாதை வந்தது. கருமண் சீமையில் விளைந்த தானியம் சேற்றில் மாட்டிக்கொள்ளாமல் பட்டணங்களுக்கும் துறைமுகங்களுக்கும் போக வேண்டும் அல்லவா? அதற்காக ரஷ்யாவில் மளமளவென்று தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரியாசான்-யூரல் ரயில்வே என்ற கம்பெனி இந்தப் பகுதிப் பாதைகளை நடத்திவந்தது.

பக்கத்துக் கிராமத்தின் பெயரையே நிலையத்துக்கு வைத்தார்கள். முதலில் ஒரு பாதை. பிறகு தான்கோவ் வழியாக மேற்கே ஸ்மோலென்ஸ்க் நகருக்கு இன்னொரு பாதை. இரண்டும் கூடியதால் அஸ்தபோவோ ஜங்ஷன் ஆயிற்று.

ஜங்ஷன் என்றால் வெறும் பிளாட்பாரம் அல்ல. அது நீராவி எஞ்சின் காலம். எஞ்சினுக்கு ஓயாத தாகம். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை தண்ணீர் பிடிக்க வேண்டும். நெருப்புப் பெட்டியிலிருந்து சாம்பலை அள்ள வேண்டும். டிரைவரும் பயர்மேனும் மாற வேண்டும். அதனால் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், எஞ்சின் ஷெட், சிப்பந்திகளுக்கு வீடுகள், தந்தி ஆபீஸ், ரயில்வே டாக்டர் என்று எல்லாம் வரும். இப்படித்தான் வயல்வெளி நடுவே ஒரு புது ஊர் முளைத்தது. அந்த ஊரில் எல்லோருக்கும் ரயில்தான் படியளந்தது.

ஓட்டல் மட்டும் கிடையாது. யார் அங்கே வந்து தங்கப் போகிறார்கள்? ஒரு வண்டியை விட்டு இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுகிற ஊர். பிரயாணிகள் டீ குடிப்பார்கள். மணி அடித்ததும் ஓடிப்போய் ஏறுவார்கள். இருபது ஆண்டு இப்படியே கழிந்தது.

பிறகு 1910-ம் ஆண்டு நவம்பர் மாதம் வந்தது.

எண்பத்திரண்டு வயதில்

டால்ஸ்டாய் பெரிய பிரபு வம்சத்தில் பிறந்தவர். யாஸ்னயா போல்யானா என்ற கிராமம் அவருடைய சொத்து. அங்கே மாளிகை, தோட்டம், காடு, வேலையாட்கள் எல்லாம் உண்டு. ஆனால் நடு வயதுக்கு மேல் அவர் மனம் மாறிவிட்டது. ஏழைகள் உழைக்க, நாம் உட்கார்ந்து சாப்பிடுவது பாவம் என்று எண்ணினார். குடியானவன் போல உடுத்தினார். ஏர் பிடித்து உழுதார். செருப்புத் தைத்தார். அதற்கு முன்பே கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்காகத் தம் கையாலேயே அரிச்சுவடி எழுதினார். அது 1872-ல் அச்சாகி வந்தது. உலகம் புகழும் நாவலாசிரியர் அரிச்சுவடி எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. தம் எழுத்துகளில் அந்த அரிச்சுவடியை அவர் உயர்வாகவே மதித்தார்.

தம் புத்தகங்களுக்குக் காசு வாங்குவதும் தப்பு என்று அவர் நினைத்தார். எல்லாப் புத்தகமும் உலகத்துக்குப் பொது என்றார்.

இங்கேதான் வீட்டில் புகைச்சல் ஆரம்பம்.

மனைவி சோபியா அம்மையார் 48 ஆண்டு குடும்பம் நடத்தியவர். 13 பிள்ளை பெற்றவர். "போரும் அமைதியும்" நாவலின் கிறுக்கல் கையெழுத்தை உட்கார்ந்து உட்கார்ந்து பிரதி எடுத்துக் கொடுத்தவர். "புத்தக உரிமையைத் தானம் செய்துவிட்டால் பிள்ளைகள் கதி என்ன?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தவறு? ஒரு தாய் கேட்கிற கேள்விதானே. டால்ஸ்டாய் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயங்கள் ஒரே வீட்டில் மோதிக்கொண்டன. டால்ஸ்டாய் காட்டுக்குள் போய், வீட்டுக்குத் தெரியாமல் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோபியா அம்மையார் இரவில் அவருடைய காகிதங்களைத் தேடினார்.

நவம்பர் 10-ந் தேதி. (அப்போது ரஷ்யாவின் பழைய பஞ்சாங்கம் 13 நாள் பின்தங்கியிருந்தது. அந்தக் கணக்கில் அக்டோபர் 28.) பொழுது விடியவில்லை. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, 82 வயதுக் கிழவர் வீட்டை விட்டு வெளியேறினார். கூடவே போனவர் ஒருவர்தான். குடும்ப டாக்டர் மகோவிட்ஸ்கி.

குதிரை வண்டியில் ரயில் நிலையம் போனார்கள். கொஞ்ச தூரம் ஒரு வண்டி. பிறகு மூன்றாம் வகுப்புப் பெட்டி. ஒரே கூட்டம், ஒரே புகை. மூச்சு விடுவதற்காக அவர் பெட்டியின் வாசலில் போய் நின்றார். வெளியே குளிர் காற்று. அந்தக் காற்றில்தான் நோய் பிடித்தது என்று பின்னால் சொன்னார்கள்.

ஒரு மடத்தில் ஓர் இரவு. பிறகு, கன்னியாஸ்திரீயாக இருந்த தங்கை மரியாவின் மடம். அங்கே கடைசி மகள் அலெக்சாந்திரா தேடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் கொண்டுவந்த செய்தி: "அம்மா குளத்தில் விழுந்துவிட்டாள். காப்பாற்றிவிட்டார்கள். நீங்கள் இங்கே இருப்பது தெரிந்தால் வந்துவிடுவாள்."

டால்ஸ்டாய் மறுபடியும் விடியற்காலையில் புறப்பட்டார். தெற்கே போகிற வண்டியில் ஏறினார்கள். எங்கே போவது? டான் நதிக் கரையோரமாக ரஸ்தோவ் பக்கம் போய்விடலாம் என்று ஒரு யோசனை. உறுதியாக ஒன்றும் இல்லை.

பிற்பகலில் அவருக்குக் குளிர் ஜுரம் கண்டது. மாலையில் ஜுரம் ஏறிக்கொண்டே போனது. இனிமேல் வண்டியில் வைத்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். அடுத்து வருகிற நிலையத்தில் இறங்கிவிட வேண்டும்.

அடுத்து வந்த பெரிய நிலையம் அஸ்தபோவோ.

கதவைத் திறந்தவர்

நவம்பர் 13. மாலை 6 மணிக்கு மேல் ஆகிவிட்டது. இருட்டு. டாக்டர் மகோவிட்ஸ்கி பிளாட்பாரத்தில் இறங்கி ஓடினார். ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்தார். "வண்டியில் டால்ஸ்டாய் இருக்கிறார். கடும் ஜுரம். படுக்க ஓர் இடம் வேண்டும். ஊரில் ஓட்டல் இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டரின் பெயர் இவான் ஒசோலின். லாட்விய இனத்தவர். டாக்டர் சொன்னதைக் கேட்டுத் திகைத்துப் போனார். டால்ஸ்டாயா? இந்த வண்டியிலா?

ஓட்டல் இல்லை. அவர் அதிக நேரம் யோசிக்கவும் இல்லை. நிலையத்தை ஒட்டியே அவருடைய வீடு. ரயில்வே கொடுத்த வீடு. மாடி இல்லாத சின்ன மர வீடு. மனைவி, சின்னக் குழந்தைகளோடு அதில்தான் குடித்தனம். "என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்" என்றார்.

படுக்கை தயாராகும்வரை டால்ஸ்டாயைப் பெண்கள் தங்கும் அறையில் உட்கார வைத்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் நின்ற சிப்பந்திகளும் பிரயாணிகளும் தொப்பியைக் கழற்றினார்கள். நடக்க முடியாத நிலையிலும் அவர் ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் செய்துகொண்டே போனார்.

ஒசோலின் செய்தது லேசான காரியம் அல்ல. இதை இன்று படிக்கும்போது "பெரிய மனிதருக்கு இடம் கொடுத்தார், இதில் என்ன?" என்று தோன்றலாம். ஆனால் அன்று டால்ஸ்டாய் சர்க்காருக்குப் பிடிக்காதவர். 1901-ல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்திருந்தது. போலீசார் அவர் போகிற இடமெல்லாம் கண் வைத்திருந்தார்கள். இரண்டொரு நாளில் மேலதிகாரியிடமிருந்து ரயில்வே போலீசுக்கு ஒரு தந்தி பறந்தது. நோயாளிகளுக்காக ஏற்படாத ரயில்வே கட்டிடத்தில் டால்ஸ்டாயைத் தங்க அனுமதித்தது யார் என்று அதில் கேட்டிருந்தார்கள். அவரை ஆஸ்பத்திரிக்கோ சொந்த ஊருக்கோ அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் அந்தத் தந்தியின் சாரம்.

கேள்வி யார் மேல் வந்து விழும்? சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிற ஸ்டேஷன் மாஸ்டர் மேல்தானே! ஒசோலின் அசையவில்லை. நோயாளி அந்த வீட்டிலேயே இருந்தார்.

உலகமே வந்து இறங்கியது

செய்தி பரவியது. மாஸ்கோவிலிருந்தும் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்தும் பத்திரிகை நிருபர்கள் வந்து குவிந்தார்கள். டாக்டர்கள் வந்தார்கள். ரியாசான் மாகாண கவர்னர் வந்தார். போலீஸ் பட்டாளம் வந்தது. சினிமாப் படம் பிடிக்கிறவர்கள் பெட்டியும் கையுமாக வந்தார்கள். தங்க இடம் ஏது? பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் பெட்டிகளை நிறுத்தினார்கள். அதுதான் ஓட்டல்.

தந்தி ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தூக்கம் போயிற்று. அதுவரையில் "சரக்கு வண்டி புறப்பட்டது" என்று தட்டிக்கொண்டிருந்த கருவி, இப்போது உலகத்துக்கெல்லாம் ஒரு மனிதரின் ஜுரம் எத்தனை டிகிரி, நாடி எத்தனை என்று தட்டியது. லண்டனிலும் பாரிசிலும் ஜனங்கள் காலையில் பத்திரிகையைப் பிரித்து, அதுவரை கேள்விப்படாத அஸ்தபோவோ என்ற பெயரைத் தேடினார்கள்.

டால்ஸ்டாய் முன்பு தங்கிய மடத்திலிருந்து ஒரு பெரிய துறவி வந்தார். அவரைத் திருச்சபையோடு சமாதானம் செய்து வைக்க வேண்டும் என்பது நோக்கம். பிள்ளைகளும் நண்பர்களும் அவரை உள்ளே விடவில்லை.

உள்ளே கிடந்தவருக்கு இந்த அமர்க்களம் தெரியாது. நிமோனியா காய்ச்சல். மூச்சுத் திணறல். சுற்றிலும் எல்லோரும் தம்மையே கவனிப்பதைப் பார்த்து ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து கடிந்துகொண்டார். உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் கஷ்டப்படுகிறார்கள், நீங்கள் இந்த ஒரு லெவ்வை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே என்பதுதான் அந்தப் பேச்சின் கருத்து.

ஜன்னலுக்கு வெளியே

நவம்பர் 15-ந் தேதி இரவு ஒரு தனி வண்டி வந்து நின்றது. சோபியா அம்மையார், மற்றப் பிள்ளைகளோடு அதில் வந்தார்.

அவரை உள்ளே விடுவதா, வேண்டாமா? டாக்டர்களும் பிள்ளைகளும் கலந்து பேசினார்கள். திடீரென்று மனைவியைப் பார்த்தால் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும் என்று பயந்தார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பெற்ற பிள்ளைகளே தாயின் வழியை மறித்தார்கள். அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அம்மையார் ரயில் பெட்டியிலேயே தங்கினார். பகலில் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜன்னல் ஓரம் போய் எட்டிப் பார்த்தார். உள்ளே திரை. சினிமாக்காரர்கள் அதைப் படம் பிடித்துவிட்டார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. 48 ஆண்டு கூட வாழ்ந்த கணவர் சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார். அந்நியர் வீட்டு ஜன்னலில் முகத்தை வைத்து நிற்கிறார் அந்தக் கிழவி.

தாம் கையால் தைத்த சின்னத் தலையணை ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். அதை மட்டும் உள்ளே கொடுத்தனுப்பினார். டால்ஸ்டாய் தலையணையை அடையாளம் கண்டுகொண்டார். "இது எப்படி வந்தது?" என்று கேட்டார். மூத்த மகள் தாத்தியானா கொண்டுவந்ததாக டாக்டர் சொல்லிச் சமாளித்தார்.

ஒரு நாள் அந்தத் தாத்தியானாவிடமே டால்ஸ்டாய் பேச்சை எடுத்தார். சோபியாவின் தலையில் எல்லாப் பாரமும் விழுகிறதே என்று முனகினார். "அம்மாவைப் பார்க்க வேண்டுமா, அப்பா?" என்று மகள் கேட்டாள். பதில் வரவில்லை. இத்தனைக்கும் அவள் நூறு கெஜ தூரத்துக்குள்தான் இருந்தாள். அது அவருக்குத் தெரியாது. கடைசிவரை தெரியவே இல்லை.

நவம்பர் 20 விடியற்காலை. இனி நம்பிக்கை இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். நினைவு தப்பிவிட்டது. அதன் பிறகுதான் சோபியா அம்மையாரை உள்ளே அழைத்தார்கள். அவர் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டார். காதோடு ஏதோ சொன்னார். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

மணி 6. இன்னும் ஐந்து நிமிடம் ஆயிற்று. மூச்சு நின்றது.

கடிகாரத்தை அந்த நேரத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிறிய நிலையம்

ஒசோலின் வீட்டுக் கதவு மறுபடி திறந்தது. ரயில்வேத் தொழிலாளிகளும் சுற்றுக் கிராமத்துக் குடியானவர்களும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஓவியர் லியோனித் பாஸ்தர்னாக் மாஸ்கோவிலிருந்து வந்து, இறந்தவரின் முகத்தை வரைந்தார். அவருடன் வந்த 20 வயது மகன் போரிஸ், பிற்காலத்தில் "டாக்டர் ஷிவாகோ" எழுதி நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட அதே போரிஸ் பாஸ்தர்னாக்தான்.

மறுநாள் பிள்ளைகள் பெட்டியைத் தோளில் சுமந்து ரயிலில் ஏற்றினார்கள். எந்த வீட்டை விட்டு ஓடிவந்தாரோ அந்த வீட்டுக்கே வண்டி திரும்பியது. யாஸ்னயா போல்யானாக் காட்டில், பாதிரியாரும் சடங்கும் இல்லாமல் அவரை அடக்கம் செய்தார்கள். சின்ன வயதில் அண்ணன் நிகோலாய் ஒரு கதை சொல்லியிருந்தார். உலகத்தில் எல்லோரும் சந்தோஷமாக வாழ்வதற்கான ரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதி அந்தக் காட்டில் புதைத்திருக்கிறது என்று. அந்த இடத்தில்தான் தம்மைப் புதைக்க வேண்டும் என்பது டால்ஸ்டாயின் ஆசை.

1918-ல், புரட்சிக்குப் பிறகு, அஸ்தபோவோ நிலையத்துக்கு "லெவ் டால்ஸ்டாய்" என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் அதற்கு எட்டு ஆண்டு முன்பே, டால்ஸ்டாய் உயிரோடு இருக்கும்போதே, வெகு தூரத்தில் ஓர் இடம் அந்தப் பெயரைப் பெற்றுவிட்டது. அதுவும் ஒரு சிறிய ரயில் நிலையத்தின் பக்கத்தில்தான்! தென்னாப்பிரிக்காவில், ஜோகன்ஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தூரத்தில் லாலி என்ற நிலையம். அங்கிருந்து ஒரு மைல் நடந்தால் டால்ஸ்டாய் பண்ணை. 1910-ம் ஆண்டு காந்திஜி அதைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் அவருடைய நண்பர் காலன்பாக்.

சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் அந்தப் பண்ணையில் வாழ்ந்தன. அதில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்கள் அங்கே தோட்ட வேலை செய்தார்கள். செருப்புத் தைத்தார்கள். பிள்ளைகளுக்குக் காந்திஜி தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார். காந்திஜிக்கும் டால்ஸ்டாய்க்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. அஸ்தபோவோவுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்புகூட டால்ஸ்டாய் ஒரு நீண்ட கடிதம் எழுதினார்.

இன்னொரு செய்தியும் நம்மவர்களுக்கு இனிக்கும். இந்திய இளைஞர் தாரக்நாத் தாஸ் என்பவருக்கு 1908-ல் டால்ஸ்டாய் ஒரு கடிதம் எழுதினார். அதில் நம் திருக்குறளை எடுத்தாண்டிருக்கிறார். எந்த அதிகாரம் தெரியுமா? "இன்னா செய்யாமை".

ஊர் இன்று

லெவ் டால்ஸ்டாய் ஊர் இன்றும் பெரிய பட்டணம் ஆகிவிடவில்லை. பத்தாயிரத்துக்கும் குறைவான ஜனங்கள். முன்பு ரியாசான் மாகாணத்தில் இருந்தது. 1954-ல் லிபெத்ஸ்க் மாகாணம் புதிதாக ஏற்பட்டபோது அதோடு சேர்ந்தது. சுற்று வட்டாரத்துக்கு அதுதான் தலைமை ஊர். சுற்றிலும் அதே கருமண் வயல்தான்.

நீராவி எஞ்சின் காலம் போய்விட்டது. அதோடு ஜங்ஷன் ஊர்களின் சுறுசுறுப்பும் குறைந்துபோயிற்று. எந்த நாட்டிலும் இது நடந்ததுதான். நடுவழியில் தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டிய அவசியம் இல்லையே!

ஸ்டேஷன் மாஸ்டர் ஒசோலின் அதன் பிறகு அதிக காலம் வாழவில்லை. அந்த வாரத்துக்குப் பின் சில ஆண்டுகளிலேயே காலமாகிவிட்டார். சோபியா அம்மையார் யாஸ்னயா போல்யானாவிலேயே இருந்து 1919-ல் கண்ணை மூடினார்.

ஒசோலினின் வீடு இப்போது மியூசியம். மாஸ்கோவில் உள்ள டால்ஸ்டாய் மியூசியத்தின் கிளையாக அதை நடத்துகிறார்கள். உள்ளே ஒரு சிறிய அறை. இரும்புக் கட்டில். மருந்து வைத்த மேஜை. சுவரில் ஒரு நிழல் கோடு. விளக்கு வெளிச்சத்தில் சுவரில் விழுந்த அவர் முகத்தின் நிழலை அப்போது யாரோ கோடு இழுத்து வைத்திருந்தார்கள். தாடியும் நெற்றியும் நன்றாகத் தெரிகின்றன.

பார்க்க வருகிறவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள். நிழலைப் பார்ப்பார்கள். பிறகு, சோபியா அம்மையாரின் கதை தெரிந்தவர்கள் ஜன்னல் பக்கம் போய், உள்ளேயிருந்து வெளியே பார்ப்பார்கள்.